சந்தாவை நிறுத்தக் கோரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றிக் கீழே வருகிறது.

நான் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன். தங்கள் வார இதழில் வரும் 'குழப்பும் ஆங்கிலம்' பகுதிக்காகவே சந்தா கட்டியவன். காரணத்தை மறைப்பானேன்? என் மகனும் மருமகளும் என்னைப் பற்றிய பேச்சையெல்லாம் என் எதிரிலேயே இங்கிலீஷில்தான் பேசுவார்கள். என்னதான் பேசுகிறார்கள், பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஸ்டேஷனரிக்கும் ஸ்டேஷனரிக்கும் வித்தியாசம் உண்டு என்று எழுதினீர்கள். நானும் உரக்க உரக்கப் படித்துப் பார்த்தேன், ஒரு மண்ணும் தெரியவில்லை. அடுத்து, 'பெட்டர் லேட் தேன் நெவர்' என்றால் வராமலே இருப்பதற்குத் தாமதமாக வருவது மேல் என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இறந்து, எல்லாம் முடிந்த மறுநாள் வந்து இறங்கிய அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் எனக்கு முகம் கொடுப்பதில்லை. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க வாய்க்கொழுப்பு?" என்றாள் என் மனைவி. அதெல்லாம்கூடப் போகட்டும் சார்.

போன வாரம், என் வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனைக் காட்ட மகன் என்னைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று இவனைக் கேட்டார். "சுத்தமா தெரியாது டாக்டர்" என்றான், நான் பெற்ற பிள்ளை. அப்புறம் இங்கிலீஷ்தான். டாக்டர் எதையெதையோ இழுத்துக்கொண்டே போனார். இவன் பொறுக்க முடியாமல், "டோன்ட் பீட் அரவுண்ட் த புஷ், டாக்டர்" என்றான். சார், எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது! அந்த வாரத்து இதழில் வந்ததாச்சே! சுத்தி வளைக்காம சொல்லுங்கன்னு அர்த்தம். நாற்காலி நுனிக்கே வந்துட்டேன். டாக்டர் சொன்னார்: "ஹிஸ் டேஸ் ஆர் நம்பர்டு." அது அதற்கு முந்தின வாரம் வந்தது. ஆள் இனி அதிக நாள் தாங்கமாட்டான் என்று அர்த்தம் போட்டிருந்தீர்கள்.

"என்னப்பா சொல்றாரு?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, வெறும் வாயுவாம். உருளைக்கிழங்கு வேணாங்கறார்"ங்கறான். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, என் சட்டைக் காலரைச் சரிபண்ணி விடுறான். "அட, இவ்வளவுதானா!"ன்னு சிரிச்சேன். வேற என்ன செய்ய? எனக்குப் பயமா இருக்கு சார். வீட்டில் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. புரிந்துகொள்ளக் கற்றுத்தந்தீர்களே, புரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்க எந்த வாரம் கற்றுத்தருவீர்கள்? ஆகவே என் சந்தாவை உடனடியாக நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டார் அனைவரும் டாக்டர் எதிரே உட்காரும் வேலையில்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்

பின்குறிப்பு: உறையில் தங்கள் விலாசம் எழுதுவதை என் மனைவி பார்த்துவிட்டாள். "சந்தாவுக்கா எழுதறீங்க? நான்தான் போன மாசமே நம்ம பையன்கிட்ட மூணு வருஷத்துக்குச் சேத்துக் கட்டச் சொல்லிட்டேனே! அந்தப் புஸ்தகம் வந்தாத்தான் உங்க மூஞ்சில ஒரு களை வருது" என்கிறாள். மூன்று வருஷம்! ஆகவே மேலே கேட்டதைத் தள்ளிவிடவும். இதழை நிறுத்தாமல் அனுப்புங்கள். நான் இல்லாவிட்டாலும் வாங்கி வைக்க அவள் இருப்பாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.