மாரியம்மனுக்குப் போன ரப்பர் கை

மெட்ராஸில் சினிமா எடுக்கும் அக்கா மகன் சிரஞ்சீவி காசிமாயனுக்கு, சிலமலையிலிருந்து தாய்மாமன் ராக்கையா சொல்லி எழுதுவது. அங்கே நீ சுகமாயிருக்க ஆண்டவன் துணை. இங்கே உன் படத்தைப் பார்த்த நாள்முதல் யாருக்கும் சுகமில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. இதை எழுதுகிறவள் உனக்குப் பேசி வைத்திருக்கும் என் மகள் பொன்னுமணிதான்.

மாப்ளே, உன் படம் போடிக்கு வந்திருக்கிறது என்றதும், நம் வீட்டு மாப்பிள்ளை படமாச்சே என்று சொந்தபந்தத்தை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். பாட்டு வரும் என்று காத்திருந்தால் ஒருத்தன் கழுத்தைச் சொறிகிறான், தோல் வாழைப்பழம்போல் உரிகிறது, காது கழன்று குழம்பில் விழுகிறது, அதை எடுத்து ஊதிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறான், அப்புறம் அவன் வயிறு வாய் மாதிரித் திறந்து பேசுகிறது. பரோட்டா தின்றுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்காளி அழகுமலை, "அண்ணே, இவனுக்கா பொண்ணு குடுக்கப் போறீக?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பரோட்டா என் வேட்டிக்கு வந்துவிட்டது. குரங்கணி ஏலத்தோட்டத்தில் உனக்கு ஐந்து வயதில் அட்டை கடித்தது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. புகையிலைச் சாறு விட்டு நான்தான் எடுத்தேன். துளி ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, நான் செத்துப்போயிட்டேன்" என்று அழுதாய். அந்தப் பிள்ளைக்கா இந்தப் புத்தி?

அதோடு விட்டாயா? போடிமெட்டில் படம்பிடித்துத் திரும்பும்போது ஒரு தகரப்பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாய். உன் அத்தை சுருளியம்மாள் திறந்தாள். உள்ளே ரப்பரில் செய்த கை, காது, மூக்கு. அவள் படத்துக்கு வரவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? வலிக்கிற உறுப்பை மண்ணில் செய்து மாரியம்மனுக்கு வைப்பதுதானே நம் வழக்கம். என் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் வருஷக்கணக்காய்க் கிடக்கிறதல்லவா? "மருமகப்பிள்ளை சொல்லாமலே நேந்து வாங்கியாந்திருக்கு" என்று கண்கலங்கி, ஒரு கையை மஞ்சள் துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். பூசாரி ஜக்கையன் பிரித்துத் தட்டில் வைத்தான். மண்ணாயிருந்தால் சும்மா கிடக்கும். இது ரப்பராச்சே, தட்டு அசைந்ததும் விரலை ஆட்டியது. "ஆத்தா, இதுல மயிரெல்லாம் இருக்கே!" என்று கத்திக்கொண்டு ஓடியவன் ஊர்க் கிணற்றடியில்தான் நின்றான். நீ யார் கையையோ வெட்டி அனுப்பிவிட்டாய் என்று பேச்சாகி, எதிரே வருகிறவனெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறான்.

ஆகையால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். பொண்ணு கிடையாது. இதைச் சொன்னதும் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றாள் பொன்னுமணி. மை ஊற்றிவிட்டு மறுபடி சொன்னேன், காது கேட்கவில்லையாம். அதட்டியதும், "எழுதுறேம்ப்பா, ஆனா எழுத்து கோணலாத்தான் வரும்" என்கிறாள்.

மற்றபடி அக்காவுக்கு என் கும்பிடு. ஆடு மாடு எல்லாம் உறுப்புக் குறையாமல் இருக்கின்றன. உனக்கு ஆசீர்வாதம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பரணிலிருந்து பசைச் சிரட்டையை எடுத்தேன். "எந்தக் கையாலப்பா எடுத்தீக?" என்று பொன்னுமணி கூவிய பிறகுதான் பார்த்தேன். வலது கை. சேதி தெரிந்து, ரப்பர் கைக்குப் பூசாரி இப்போது சூடம் காட்டுகிறான். அதைத் திருப்பிக் கேட்காதே. ஐப்பசியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டேன். வெரசா வா. வரும்போது உன் அத்தைக்கு இடது முழங்கால் ஒன்று கொண்டா. அழகுமலை ஒரு வயிறு கேட்கிறான். பேசாத வயிறாகப் பார்த்துக் கொண்டா.