சிறுத்தையின் வெள்ளைக் காரும் முள்ளம்பன்றியின் கைவேலையும்

ஒரு காட்டில் ஒரு கார் இருந்தது. காட்டில் எதற்குக் கார் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நரியும் காக்காயும் பேசியபோது வாயை மூடிக்கொண்டு கேட்டீர்கள். கார் வந்ததும்தான் உங்களுக்கு அறிவு வந்துவிட்டதாக்கும்.

அந்தக் கார் சிங்காரவேலு என்கிற சிறுத்தையுடையது. பால் வெள்ளை நிறம். வாங்கி வருஷக்கணக்காகியும் சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பாரே தவிர, அதைக் கழற்ற மனசு வராது. யார் ஏறினாலும் நாலு காலையும் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு தடவை ஒரு காக்காய் பானெட்டின் மேல் எச்சம் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காக்காயை யாரும் பார்க்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அங்கே ரோடு கிடையாது, நடந்துதான் போக வேண்டும். காரை யாரிடம் விட்டுப் போவது என்று சிங்காரவேலு யோசித்தார். பக்கத்துப் பொந்தில் குடியிருந்த அம்பலவாணன் என்கிற முள்ளம்பன்றியைக் கூப்பிட்டார்.

"அம்பலம், வெள்ளிக்கிழமை வரைக்கும் வண்டியைப் பாத்துக்கிடும். தினம் காலையில உள்ளே உக்காந்து ஸ்டார்ட் பண்ணி வச்சிரும், இல்லேன்னா பேட்டரி இறங்கிரும். ஆனா நகத்தக் கூடாது."

"நானா அண்ணாச்சி?"

"உம்ம முதுகைப் பாத்தா எந்தத் திருடன் வே கிட்ட வருவான்?"

பாருங்கள், இதைத்தான் பெரிய மனுஷ மூளை என்பது. காவலுக்கு முள் நல்லது என்று யோசித்தவர், அந்த முள் காருக்கு எவ்வளவு நல்லது என்று யோசிக்கவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது சிறுத்தை சொன்னார்: "வண்டியில ஒரு கோடு விழுந்திருந்தா உம்ம உடம்புல ஒரு முள் இருக்காது. அதுக்கப்புறம் உடம்பும் இருக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பல் எல்லாம் தெரிந்தது.

அம்பலவாணன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. நமக்குப் புல்லரித்தால் மயிர் சிலிர்க்கும், பிறகு அடங்கிவிடும். முள்ளம்பன்றிக்குப் புல்லரித்தால் முதுகு முழுக்க முள் எழுந்து நிற்கும். பெருமை வந்தாலும் நிற்கும், பயம் வந்தாலும் நிற்கும். கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டால்கூட நிற்கும். அதனால் அவனைப் பந்தியில் எப்போதும் ஓரத்தில்தான் உட்கார வைப்பார்கள்.

மறுநாள் காலை காருக்குள் ஏறி, ஸ்டார்ட் பண்ணிவிட்டுச் சீட்டில் சாய்ந்துகொண்டான். பிளாஸ்டிக் உறையில் டப் டப்பென்று ஓட்டை விழுந்தது. எஞ்சின் சத்தத்தில் அது அவன் காதில் விழவில்லை. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, சும்மா ஒரு அழகுக்குக் கதவில் சாய்ந்து நின்றான்.

அப்போது அந்த வழியாகக் கீரி பட்டாபி வந்தான். கையில் எப்போதும் செல்போன். கண் எப்போதும் அதற்குள்.

"என்ன மாமா, புதுக் காரா? உங்க கம்பீரத்துக்கு அளவெடுத்துத் தச்ச சட்டைல்லா இது!" என்றான்.

பட்டாபி சும்மா போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் அம்பலவாணனை அதுவரை யாரும் கம்பீரம் என்று சொன்னதில்லை. உச்சி முதல் வால் வரை புல்லரித்தது. க்ரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். முன்கதவில் ஒரு கோடு. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் சிங்காரவேலு தினமும் உற்றுப் பார்க்கிறவர் ஆயிற்றே.

"போச்சு! என் பிள்ளைகள் அநாதையாப் போச்சு!" என்று அம்பலவாணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு அவன் மனைவி சூடாமணி பொந்துக்கு வெளியே வந்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"இதுக்கா இந்தக் கூப்பாடு? அண்ணாச்சி வந்ததும், தெரியாம பட்டுடுச்சுன்னு காலைப் பிடிச்சுச் சொல்லிருவோம். இல்லேன்னா அதுமேல கறுப்பா ஒரு பொட்டை வச்சு, திருஷ்டிப் பொட்டுன்னு சொல்லுவோம். இவ்வளவு அழகான வண்டிக்கு ஊர்க்கண்ணு படக் கூடாதுல்லா?"

நல்ல யோசனை. செலவில்லாத யோசனை. கட்டின பெண்டாட்டி சொன்ன யோசனை. அதனால் அம்பலவாணன் கேட்கவில்லை.

நேராக மலையடிவாரத்துக்கு ஓடினான். அங்கே கொண்டைமணி என்கிற மரங்கொத்தி டிங்கர் பட்டறை வைத்திருந்தது. தகரம் நசுங்கிப் பள்ளமானால் அந்த டொக்கு எடுப்பதில் கெட்டிக்காரப் பறவை. சில சமயம் டொக்கு எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் புது டொக்கு விழும். அது வேறு விஷயம். கையோடு அழைத்துவந்து கோட்டைக் காட்டினான்.

கொண்டைமணி தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. பிறகு "ச்சு... ச்சு... ச்சு..." என்றது. பட்டறைக்காரர்களின் இந்த ச்சுவைக் கேட்டாலே வண்டிக்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

"சின்னக் கோடுதானே?" என்றான் அம்பலவாணன்.

"கோடு சின்னதுதான் வே. ஆனா அதுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சா ஷேடு ஒட்டாது, திட்டாத் தெரியும். கதவு பூராவும் அடிக்கணும். கதவு புதுசானா பக்கத்துக் கதவு பழசாத் தெரியும். அப்ப வண்டி பூராவும் அடிக்கணும். விட்டுட்டுப் போம், ஆடி கழிச்சு வாரும்."

"அண்ணாச்சி வெள்ளிக்கிழமை வந்திருவாரே!"

"அப்ப அவரையும் ஆடி கழிச்சு வரச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுக் கொண்டைமணி பறந்துபோனது.

அம்பலவாணன் விசும்பி விசும்பி அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பட்டாபி செல்போனை எடுத்தான்.

"எதுக்கு மாமா அழுவுதீங்க? இதெல்லாம் வீட்டுலயே பண்ணிரலாம். நான் இதுல எவ்வளவு வீடியோ பாத்திருக்கேன்!"

"நீ எந்த வண்டியாவது சரி பண்ணியிருக்கியா மாப்ளே?"

"பண்ணினதில்ல. ஆனா பண்ணுறதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன்."

அந்த வார்த்தையில் இருந்த தைரியம் அம்பலவாணனுக்குப் பிடித்துப்போயிற்று. வீடியோவை ஓடவிட்டார்கள். அதில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்தார். கோடு மாயமாய் மறைந்தது. அந்த டப்பா மட்டும் இந்தக் காட்டில் கிடைக்காது.

"அது இல்லேன்னா என்ன? அடிபட்டா நாம என்ன போடுவோம்?" என்றான் பட்டாபி.

"மஞ்சள்."

"வண்டிக்கு மட்டும் வேற வைத்தியமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். சூடாமணி வைத்திருந்த மஞ்சள் தூள் பூராவும் எண்ணெயில் குழைந்தது. அம்பலவாணன் வட்ட வட்டமாகத் தேய்த்தான். கோடு போகவில்லை. அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு தோசை அளவு வட்டம் வந்தது.

எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று ஒரு அடி பின்னால் வந்து திரும்பினான். க்ரீச். பின்கதவில் ரெண்டு கோடு.

பயம் வந்தது. பயம் வந்ததும் முள் எழுந்தது. எழுந்த முள்ளோடு இந்தப் பக்கம் திரும்பினால் டிக்கியில் ஒன்று, அந்தப் பக்கம் திரும்பினால் பானெட்டில் ஒன்று. ஒரு கோட்டைக் கவனிக்கக் குனிந்தால் பின்னால் புதிதாக ஒரு குடும்பமே பிறந்தது. கொஞ்சம் தள்ளி நிற்கலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அவனுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்து நீங்களும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள்.

எல்லாக் கோட்டுக்கும் மஞ்சள் வைத்தார்கள். இப்போது வெள்ளைக் காரில் அங்கங்கே மஞ்சள் திட்டு.

"ஷேடு ஒட்டலையே மாப்ளே" என்றான் அம்பலவாணன். டிங்கர் சொன்னது மனசில் நன்றாகப் பதிந்திருந்தது.

"அப்ப வண்டி பூராவும் தேய்ச்சிருவோம் மாமா."

தேய்த்தார்கள். கார் மஞ்சள் குளித்து எழுந்து நின்றது. கழுவிப் பார்த்தார்கள், போகவில்லை. சட்டையில் விழுந்த சாம்பார் கறையையே எடுக்கத் தெரியாத உலகத்தில், எண்ணெயில் குழைத்த மஞ்சள் எங்கே போகும்?

வியாழக்கிழமை பட்டாபி வேறொரு வீடியோவோடு வந்தான். "மாமா, நாம வரிசையை மாத்திட்டோம். முதல்ல ப்ரைமர் அடிக்கணும். அது காய்ஞ்சதும் மேல வெள்ளை அடிச்சா எல்லாம் மறைஞ்சிரும்."

காட்டு எல்லையிலிருந்த செக்போஸ்ட் கேட்டுக்கு அடித்த மிச்ச ப்ரைமர் ஒரு டப்பாவில் கிடந்தது. நல்ல கருஞ்சிவப்பு. அதை எடுத்து ஒவ்வொரு கோட்டின் மேலும் வட்டம் வட்டமாக அப்பினார்கள். ஏன் வட்டம் என்றால், வீடியோவில் அந்த மனுஷர் வட்டமாகத்தானே தேய்த்தார். அப்பி முடித்ததும் வெள்ளை பெயின்ட் வாங்கி வருகிறேன் என்று பட்டாபி கிளம்பிப் போனான்.

சூடாமணி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே இத்தனையையும் திருஷ்டிப் பொட்டுன்னு சொன்னா அண்ணாச்சி நம்ப மாட்டாரு."

"இப்ப என்ன செய்ய சூடாமணி?"

"பிள்ளைகளை எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் உசிரோட இருந்தா வாங்க."

அவள் பிள்ளைகளைக் கூப்பிடத் திரும்பினாள். புதருக்குப் பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. சிங்காரவேலு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. வழியில் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

காரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அம்பலவாணனுக்கு எல்லா முள்ளும் எழுந்து நின்றது. சூடாமணி ஓடிவந்து புருஷனுக்கு முன்னால் நின்றாள். என்ன இருந்தாலும் கட்டினவள் அல்லவா.

சிறுத்தை காரைச் சுற்றி வந்தார். கதவைத் தொட்டுப் பார்த்தார். பானெட்டை முகர்ந்து பார்த்தார். உள்ளே ஏறி உட்கார்ந்தார். இறங்கினார். வால் நுனி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"இது யார் வே செஞ்ச வேலை?"

பட்டாபி பேரைச் சொல்லிவிடலாமா என்று அம்பலவாணன் ஒரு நொடி நினைத்தான். பட்டாபியோ ஊரிலேயே இல்லை. "நான்தான் அண்ணாச்சி" என்று கண்ணை மூடிக்கொண்டான். "பிள்ளைகள் சின்னது. அதுகளை மட்டும் விட்டிருங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்பலவாணன் ஒரு கண்ணைத் திறந்தான். சிங்காரவேலு அழுதுகொண்டிருந்தார்.

"காதுகுத்து வீட்டுல என்ன நடந்தது தெரியுமா வே? மச்சினன் பந்தியில வச்சுக் கேக்கான், 'அத்தான், நீங்க ஆம்புலன்ஸ் ஓட்டுதீங்களாமே'ன்னு. ஊரே சிரிச்சது. மானம் போச்சு. மொய்யை எழுதிட்டு, கறிச்சோறுகூடத் திங்காம வந்துட்டேன். இத்தனை வருஷமா அந்த வெள்ளையைத் தொடைச்சுத் தொடைச்சு என் கை தேஞ்சுது. ஒரு நாளாவது இது சிறுத்தை வண்டின்னு எவனாவது சொன்னானா? இப்பப் பாரும்!"

அம்பலவாணன் பார்த்தான். மஞ்சள் உடம்பு. அதில் கருஞ்சிவப்பாக வட்டம் வட்டமாகப் புள்ளி. அடக் கடவுளே, ஹெட்லைட்டைக் கண் என்று வைத்துக்கொண்டால் சாட்சாத் சிங்காரவேலு!

"எங்க அம்மாவை அச்சு அசலாப் பாத்தாப்ல இருக்கு வே" என்று சிறுத்தை பானெட்டைக் கட்டிக்கொண்டார். "சீட்டுலயும் ஏதோ புதுசாப் பண்ணியிருக்கீரு போல. கீழ இருந்து காத்து ஜிலுஜிலுன்னு வருது. வேர்க்கவே இல்ல!"

அம்பலவாணன் தொண்டையைச் செருமினான். "ஆமா அண்ணாச்சி" என்றான். "அது காத்தோட்டத்துக்கு வச்சது."

சரியாக அந்த நேரம் பட்டாபி வெள்ளை பெயின்ட் டப்பாவோடு வந்து சேர்ந்தான். சிறுத்தையைப் பார்த்தான். சிறுத்தை காரைக் கொஞ்சுவதைப் பார்த்தான். வந்த வேகத்திலேயே டப்பாவைப் புதருக்குள் எறிந்துவிட்டு, "ஐடியா என்னோடது!" என்றான்.

அப்புறம் என்ன? ஒரு வாரத்துக்குள் காடு முழுக்கத் தகவல் போய்விட்டது. புலி தன் காரைக் கொண்டுவந்து வரி வரியாகக் கேட்டது. அம்பலவாணனுக்கு அதில் கஷ்டமே இல்லை. முள்ளை நிமிர்த்திக்கொண்டு காரை உரசி ஒரு நடை நடந்தால் போதும். யானை மட்டும் கீறல் வேண்டாம், தன் தோல் சுருக்கத்தைப் போல் டொக்கு டொக்காக வேண்டும் என்றது. அதற்காக அம்பலவாணன் கொண்டைமணியைக் கூடவே வைத்துக்கொண்டான். மரங்கொத்தி தன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, ரொம்ப நாளாகச் செய்துவந்த வேலையைத்தான் இங்கேயும் செய்தது. ஆனால் இப்போது யாரும் திட்டவில்லை. பட்டாபி, 'உங்கள் காரை நீங்களே கெடுத்துக்கொள்வது எப்படி' என்று வீடியோ போட ஆரம்பித்தான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஒரு முயல் தன் சின்னக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அண்ணே, இது எங்க மாமனார் வண்டி. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும். முள்வேலியில பட்டு இந்தா, ஒரே ஒரு கோடு. இதை நானே சரி பண்ணிரலாமா, இல்ல உங்ககிட்ட விடணுமா?"

அம்பலவாணன் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

"ச்சு... ச்சு... ச்சு..." என்றான். "ஒரே ஒரு கோடுன்னா ஒண்ணும் செய்ய முடியாதே தம்பி. மிச்ச இடத்துலயும் போட்டாத்தான் ஷேடு ஒட்டும்."

முயல் திருதிருவென்று விழித்தது. அம்பலவாணன் முள்ளை நிமிர்த்திக்கொண்டு மெல்லத் திரும்பினான்.

நீதி: ஒரு கோடு போட்டால் அது குற்றம், வண்டி பூராவும் போட்டால் அது டிசைன். ஆகவே பிள்ளைகளே, ஆரம்பித்த தப்பைப் பாதியில் நிறுத்தி மாட்டிக்கொள்ளாதீர்கள்.