அழுக்குச் சான்றிதழ்

ஷெட்டுக் கதவைத் திறந்த பல் டாக்டருக்கு முதலில் கண் கூசியது. அதற்குப் பிறகுதான் நெஞ்சை அடைத்தது.

வண்டி பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

நான்கு நாள் வெளியூரில் பல் முகாம். பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பியவர், கைகால்கூடக் கழுவாமல் நேரே ஷெட்டுக்குத்தான் வந்தார். வீட்டில் யாரும் இல்லை. மனைவி தன் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள்.

அது சாதாரண மோட்டார் சைக்கிள் இல்லை. பழைய போர் ஒன்றில், விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் கீழே போடுவதற்கென்றே செய்த குட்டி வண்டி. கைப்பிடியை மடக்கிச் சீட்டை இறக்கினால் ஒரு குழாய்க்குள் அடங்கிவிடும். கடல் கடந்து எங்கோ ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில் கிடந்ததை, ஆறு வருஷம் கடிதம் எழுதிக் கெஞ்சிக் கூத்தாடிக் கப்பலில் வரவழைத்திருந்தார். வந்தபோது அதன் மேல் எண்பது வருஷத்துச் சேறு இருந்தது. பெட்ரோல் டேங்கில் இடது பக்கம் ஒரு நசுங்கல், சக்கரமெல்லாம் துரு, சீட்டின் ஓரத்தில் எலி கடித்த அடையாளம். எல்லாம் அசல்.

பகலெல்லாம் ஊரார் பல்லில் கறையைச் சுரண்டுகிறவர், வீட்டுக்கு வந்தால் கறையைக் கும்பிடுகிற ஆளாகிவிடுவார். பழைய ராணுவ வண்டி சேர்ப்பவர்கள் அப்படித்தான். அவர்களுடைய சங்கம் 'தொடப்படாத வண்டி' என்று ஒரு சான்றிதழ் கொடுக்கும். வந்த அழுக்கு வந்தபடி இருந்தால்தான் அது கிடைக்கும். ஈரத்துணி பட்டாலே போச்சு. சங்கச் செயலாளர் இன்றைக்கு நான்கு மணிக்கு நேரில் வருகிறார்.

யார் செய்த வேலை என்று டாக்டர் யோசிக்கவே இல்லை. மாமனார் முப்பது வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். நசுங்கல் கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இருக்காது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"உங்கப்பா ஷெட்டு பக்கம் போனாரா?"

"நாலு நாளா அது வாசல்லயேதான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. இன்னிக்குக் காலைல உள்ள போய் ரொம்ப நேரம் என்னவோ பண்ணிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. கேட்டா, 'மாப்ள பாத்தா அசந்துடுவாரு'ன்னு சிரிக்கிறாரு. ஏங்க, எதாவது பிரச்சனையா?"

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

"அப்பாகிட்ட குடுக்கட்டுமா?"

"வேணாம், வேணாம்."

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமனார் இன்னொரு பழைய வண்டியின் விளக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார். டாக்டர் கத்தினார். பெரியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கேட் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு மனைவி அமைதியாகத்தான் சொன்னாள். "இனிமே வண்டி விஷயமா எங்கப்பாவை ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா, அவரோட நானும் கெளம்பிடுவேன்." அவள் கத்தாமல் சொன்னால் செய்துவிடுவாள் என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் மாமனாரைக் கேட்கவும் முடியாது, திட்டவும் முடியாது. மூன்று மணி நேரத்துக்குள் எண்பது வருஷத்தைத் திரும்பக் கொண்டுவருவது ஒன்றுதான் வழி.

தெருமுனை மெக்கானிக்கை வரச் சொன்னார். இந்த வண்டி கப்பலில் வந்து இறங்கிய அன்றைக்கு ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தவர் அவர்.

"அடேங்கப்பா, புதுசா ஆக்கிட்டீங்களே சார்."

"அதுதான் பிரச்சனை. பழசாக்கணும். நாலு மணிக்குள்ள."

மெக்கானிக் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "வெயில்ல வந்தீங்களா சார்?"

விஷயத்தைப் புரியவைக்கப் பத்து நிமிஷம் போயிற்று. பிறகு தோட்டத்து மண்ணைக் குழைத்து இருவரும் வண்டி முழுக்க அப்பினார்கள். தள்ளி நின்று பார்த்தார்கள்.

"நேத்து மழைல போய்ட்டு வந்த வண்டி மாதிரி இருக்கு சார்," என்றார் மெக்கானிக்.

காயவைத்தால் சரியாகும் என்று டாக்டர் மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து வந்தார். சேறு காய்ந்தது. காய்ந்ததும் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே வண்டி முன்னைவிடப் பளிச்சென்று சிரித்தது.

"பெயிண்ட் வழவழன்னு இருக்கு சார். முதல்ல கீறணும்."

டாக்டர் தன் கைப்பெட்டியைத் திறந்தார். பல் சுரண்டும் ஊசிகளால் பெயிண்டை வரி வரியாகக் கீறினார். சின்ன டிரில்லால் சக்கரத்தில் சொத்தைப் பல்லைப் போலக் குழி போட்டார். குழிக்குள் ஆசிட் தடவினார். அடித்து எழுப்பியதுபோலத் துரு வந்தது. அவர் எந்த நோயாளியின் வாயிலும் இப்படி ஒரு அக்கிரமம் செய்ததில்லை.

இந்தத் தடவை சேற்றில் பசையையும், நிறத்துக்காக ஆறிப்போன காப்பியையும் கலந்தார்கள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டாக்டருக்கு மூச்சு வந்தது. கால் மணி நேரத்தில் எறும்பும் வந்தது.

"காப்பில சர்க்கரை இருந்துச்சா சார்?"

"ரெண்டு ஸ்பூன்."

எறும்பை ஊதி ஊதி விரட்டும்போதே மணி மூன்றரை. இன்னும் நசுங்கல் பாக்கி. மெக்கானிக் டேங்கில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"அடப்பாவி, அது வலது பக்கம். நசுங்கல் இடது பக்கம்."

"நீங்க எதிர்ல நின்னு கை காட்டினீங்க சார்."

வலது பக்க நசுங்கலை நிமிர்த்த முயன்றதில் அது பெரிதானது. பிறகு இடது பக்கமும் ஒன்று போட்டார்கள். சீட்டில் எலி கடித்த அடையாளம் வேண்டுமே என்று, டாக்டர் மாதிரிக்கு வைத்திருந்த பல் செட்டால் ஓரத்தை அழுத்திக் கடிக்கவைத்தார்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "பசில மனுஷன் கடிச்ச மாதிரி இருக்கு சார்."

கத்தரியால் அதைப் பிய்த்து ஒருவாறு எலியாக்கினார்கள்.

"என்ஜின் நம்பர் மட்டும் தெரியற மாதிரி கொஞ்சம் தொடச்சுடட்டுமா சார்?"

"கைய வெக்காத. அங்கதான் சேறு ஒழுங்கா ஒட்டியிருக்கு."

வாசலில் கார் நின்றது. மெக்கானிக் ஹேர் டிரையரோடு பின்பக்கமாக நழுவினார்.

செயலாளர் ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "காலைல உங்க வீட்டுக்கு..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் டாக்டர் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக ஷெட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். அழுக்கு உதிர்வதற்குள் காட்டிவிட வேண்டுமே என்ற பயம்.

செயலாளர் வண்டியைப் பார்த்தார். சொல்ல வந்ததை மறந்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ஊர்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு எறும்பைக்கூட மரியாதையாகப் பார்த்தார். இப்போது கண்டுபிடிப்பார், இதோ கண்டுபிடிக்கிறார் என்று டாக்டர் ஒவ்வொரு நொடியும் செத்துப் பிழைத்தார்.

"டாக்டர்," என்றார் செயலாளர் கடைசியில். "இருபத்தாறு வருஷமா வண்டி பாக்குறேன். இப்படி ஒரு துருவைப் பாத்ததில்ல. அழுக்குன்னா இது அழுக்கு."

"நம்பர் சேத்துக்குள்ள இருக்கு..." என்று டாக்டர் தயங்கினார்.

"இதைத் தொடச்சு நம்பர் பாக்குறதா? அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்." அங்கேயே பெஞ்சில் வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "என்கிட்டயும் இதே மாடல் ஒண்ணு இருக்கு. பதினோரு வருஷம் ராவும் பகலுமா இழைச்சு வெச்சிருக்கேன். ஒரு கீறல் காட்ட முடியாது. என் பொண்டாட்டிகூட அதைத் தொட்டதில்ல. ஆனா அழகுன்னா உங்களுதுதான் சார்."

டாக்டர் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆறு வருஷமாக ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. கண் நிறைந்தது. மாமனாரைக்கூட மனதார மன்னித்துவிட்டார்.

அப்போது கேட் திறந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட மாமனார் மெதுவாக ஷெட்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்க மாப்ள, சாரும் வந்துட்டாரா? பக்கத்துல வெச்சுப் போட்டோ எடுக்கணும்னு சார் காலைல லாரில அனுப்பின அவரோட வண்டிய நான்தான் ஷெட்டுல எறக்கி வெச்சேன். ஒண்ணோட ஒண்ணு ஒரசிடக் கூடாதேன்னு உங்க வண்டிய அந்தச் சேறு உதிராம அப்படியே தூக்கிட்டுப் போய் என் கட்டிலுக்கு அடியில பத்திரமா வெச்சிருக்கேன், கொண்டு வரட்டுமா?"