கம்ப்யூட்டர் வருகிற வரைக்கும்

கம்ப்யூட்டர் மெதுவாக வந்தால் ஊர் உலகமே திட்டும். அதைக் கொண்டாடிய ஒரே ஆத்மா எங்கள் பூட்டிங் சாமிதான். இன்னொருவரைக் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சுக்கு, மிளகுக் கிடங்கில் எனக்குக் கணக்கு வேலை. நான் போடிக்காரன். சாமி பாலக்காட்டுத் தமிழர், கொச்சியிலேயே தலை நரைத்தவர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், கேட்கத் தோன்றியதில்லை. ஏற்றுமதி மூட்டைகளுக்குச் சீட்டு அடிப்பது அவர் வேலை. அதற்கான புரோகிராம் ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் துபாய் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தினமும் காலையில் சாமி செருப்பைக் கழற்றிவிட்டு பட்டனை அமுக்குவார். உள்ளே டிஸ்க் கடகடவென்று அரைக்கத் தொடங்கும். "பூட் ஆயிண்டிருக்கு" என்று அறிவிப்பார். சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை நகராது. ஆகவே மூட்டை தூக்கும் பெரியவர் ஹம்சாக்கா, சுக்கு பொறுக்கும் விலாசினி சேச்சி, நான், எல்லோரும் சாயா கிளாஸோடு அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். சாமி கதையை ஆரம்பிப்பார்.

ஒரே கதைதான். வாலிப வயதில் அவர் பெண் பார்க்கப் போன கதை. பஸ் பஞ்சர் ஆனதைச் சொல்லவே நாலு நாள் போயிற்று. கூட வந்த மாமாவின் வேஷ்டி வேலியில் மாட்டிக் கிழிந்தது, மாற்று வேஷ்டி கிடைக்க ஒரு மாதமாயிற்று. கதை சூடு பிடிக்கும்போது திரையில் படம் வந்துவிடும். "வந்தாச்சு, பாக்கி நாளைக்கு" என்று நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்.

"ஒரு மினிட்டு, சாமி. வேஷ்டி கிட்டியோ?" என்று ஹம்சாக்கா கெஞ்சுவார்.

"கம்ப்யூட்டரைக் காக்க வெக்கப்படாது, கேட்டேளா."

அது எங்களைக் காக்க வைக்கலாமாம். என்ன நியாயமோ.

நாங்கள் சிரிப்போமே தவிர, ஒன்று எல்லோருக்கும் தெரியும். சாமி சுள்ளிக்கலில் தனியாக இருக்கிறார். வீட்டில் பேச ஆள் கிடையாது. நாள் முழுக்க அவர் மனம்விட்டுப் பேசுவது அந்தச் சாயா நேரத்தில் மட்டும்தான்.

ஒருநாள் டிஸ்க் அரைப்பதை விட்டுவிட்டுக் கீச்சிட ஆரம்பித்தது. பாதிச் சீட்டில் நின்றுபோனது. முதலாளி வந்து பார்த்தார். "சரியாச்சுன்னா சரி. இல்லேன்னா காயலான் கடைக்குப் போடுங்க. சீட்டை வெலிங்டன் தீவு ஆபீஸ்ல அடிச்சுக்கலாம்" என்றார். சீட்டு தீவுக்குப் போனால் சாமி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவர் முகம் செத்துப்போயிற்று.

சாமியே தோப்பும்படிக்குப் போய் ரெஜினா என்ற மெக்கானிக் பெண்ணை அழைத்து வந்தார். அவள் பழைய டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப்போய், அதிலிருந்த சகலத்தையும் கையகலப் புது டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பழைய டிஸ்க் மாட்டியிருந்த இடம் தேய்ந்திருந்ததால், பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் கேபிளைச் செருகினாள். பட்டனை அமுக்கினால், டிஸ்க்கே இல்லை என்றது கம்ப்யூட்டர். கேபிளை மாற்றினாள், அப்போதும் அதே பாட்டு. சாமி காலண்டரில் ராகுகாலம் பார்த்தார். அது முடிகிறவரை காத்திருந்து அமுக்கியும் பிரயோஜனம் இல்லை.

ரெஜினா டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

"சாமி, கேபிள் குத்துற ஓட்டைக்குள்ள இதென்ன மஞ்சளா காஞ்சு கிடக்கு?"

"சந்தனமாக்கும். சரஸ்வதி பூஜைக்கு வருஷா வருஷம் வெக்கறேன்."

"வெளிய வெச்சாப் போறாதா?"

"வெளிய வெச்சா பெட்டிக்குத்தானே ஆச்சு? பாடுபடறதெல்லாம் உள்ளேன்னா இருக்கு."

ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பக்தியோடு சுரண்டி எடுத்தாள். இந்த முறை கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வந்தது என்றால், சாமி நாற்காலியில் உட்காருவதற்குள் வந்துவிட்டது. நாங்கள் கை தட்டினோம். சாமியும் தட்டினார். வேலை தப்பியது.

மறுநாள் காலை வழக்கம்போலச் சாயாவோடு கூடினோம். சாமி பட்டனை அமுக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "மாமா புது வேஷ்டியை..." என்பதற்குள் திரை பளிச்சென்று தயாராக நின்றது. டிஸ்க்கில் ஒரு முனகல்கூட இல்லை. "வந்துடுத்து" என்றார். ஹம்சாக்கா சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மூட்டை தூக்கப் போனார்.

அப்புறம் சீட்டு பறந்தது. முதலாளிக்குச் சந்தோஷம். சாமி மட்டும் தனியாகச் சாயா குடித்தார், தனியாக கிளாஸைக் கழுவினார். அந்தப் புது டிஸ்க்கைப் பிடுங்கிக் காயல் தண்ணீரில் எறிந்தால் என்ன என்று எனக்கு இருந்தது.

ஒருநாள் காலை பட்டனை அமுக்கினார், ஒன்றும் வரவில்லை. "பூட் ஆகலையே" என்றார். அந்தக் குரலில் கவலை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் மேஜைக்கு அடியில் குனிந்தேன். சுவரோரம் பிளக் கழன்று கிடந்தது. வாய் திறப்பதற்குள் விலாசினி சேச்சி என் காலை நறுக்கென்று மிதித்தார். "என்னவாயிருக்கும் சாமி?" என்று அப்பாவியாகக் கேட்டார். சாமி பெட்டியைத் தட்டினார், கேபிளை வருடினார், "தானா வரும், அவசரப்படுத்தப்படாது" என்று உட்கார்ந்தார். "எங்க நிறுத்தினேன்?"

"புது வேஷ்டி" என்றோம் மூன்று பேரும்.

அதன்பிறகு தினமும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏதோ கோளாறு. சாயா தீர்ந்ததும் சேச்சி கூட்டுகிற சாக்கில் பிளக்கைச் செருகிவிடுவார், கோளாறு தீர்ந்துவிடும். முதலாளி போனில் கேட்டால், "பார்த்துக்கிட்டே இருக்கோம் சார்" என்பேன்.

போன வாரம் சேச்சி லீவு. பிளக்கைக் கழற்றி வைப்பதும் அவர்தான் என்று நினைத்து, அந்த வேலையை நான் செய்துவிடலாம் என்று சீக்கிரமே போனேன். எனக்கு முன்னால் சாமி வந்திருந்தார். மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் மெதுவாக எழுந்தார்.

"வேஷ்டில மாட்டிண்டுடுத்து" என்றார்.

"மாட்டும் சாமி. நான் சாயா சொல்லிட்டு வர்றேன்" என்றேன்.

கதையில் மாமாவும் சாமியும் இப்போது பெண் வீட்டுப் பாயில் உட்கார்ந்தாயிற்று. அந்தப் பெண்ணைச் சாமி கட்டிக்கொள்ளவில்லை என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன. அவள் காபியோடு இன்னும் சமையலறையில்தான் நிற்கிறாள். நிற்கட்டும், எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.