இரண்டு குரல் கிட்டாரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமா என்று கேட்பது முறை; கேட்டாகிவிட்டது. நான் நலமில்லை.

நான் எக்ஸ்ரே வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆசையாக ஒரு கிட்டார் அனுப்பினாயே, சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் மரக் குரல், மறுபக்கம் தள்ளினால் மின்சாரக் குரல் என்று, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலில் நீ கூடவே அனுப்பிய குட்டி ஆம்ப்ளிஃபயரில் வாசித்தேன். ஜலதோஷம் பிடித்தவன் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. பிறகு எதிர்வீட்டு ரேடியோ ரிப்பேர்காரர் தன்னுடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து மாட்டினார். சூடேறட்டும் என்று கொஞ்ச நேரம் காக்க வைத்தார். அப்புறம் மின்சாரப் பக்கம் தள்ளி ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன், தம்பி, நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை அந்தச் சத்தம் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. வேலையை விட்ட பிறகு நான் சந்தோஷமாக இருந்த முதல் நாள் அதுதான். உன் அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, யாருக்காவது என்னமோ ஆயிடுச்சா என்று கேட்டாள். கீழ்வீட்டுக்காரர் தன் அலமாரிக் கோப்பைகள் ஆடுவதாக எழுதிக் கதவில் ஒட்டினார்.

அந்த வாரமே இடது கையில் கடைசி இரண்டு விரலும் மரத்துப்போச்சு. நரம்பு டாக்டர் என் கழுத்து எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன்; முப்பது வருஷம் அடுத்தவங்க படத்தைப் பார்த்தவனாச்சே, எனக்கே புரிஞ்சிடுச்சு. மற்ற விரல்களுக்கு ஒரு வருஷம் இருக்கலாம், அதுவும் நிச்சயமில்லை என்றார்.

இதற்கு நடுவில், என்னோடு வேலை பார்த்த இருட்டறைக்காரர், படங்களைக் கழுவித் தருவாரே, அவர் போய்ட்டார். இரங்கல் கூட்டத்துல மெதுவா ஏதாவது வாசிங்கன்னு அவர் மனைவி கேட்டாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? மரக் குரலில் பத்து நாள் பழகினேன். மண்டபத்து ஆம்ப்ளிஃபயரோ பீரோ உயரம். கிட்டாரை மடியில் வைக்கும்போது மரத்த விரல் சுவிட்சைத் தள்ளியிருக்கு, எனக்குத் தெரியவே இல்லை. முதல் தட்டுலயே மண்டபம் அதிர்ந்து, மேஜைமேல இருந்த அவர் படம் குப்புற விழுந்துடுச்சு. அந்தம்மா எழுந்து என்னை நோக்கி வந்தாங்க. அடிக்கத்தான் வர்றாங்கன்னு நினைச்சேன்.

"நிறுத்தாதீங்க" என்றார். "முப்பது வருஷம் இருட்டுக்குள்ளயே மெதுவா பேசிட்டுப் போனார். இன்னிக்காவது அவர் பேர்ல கொஞ்சம் சத்தம் கேக்கட்டும்."

வாசித்தேன். முடிக்கிறப்ப சட்டையெல்லாம் ரத்தம். கம்பி விரலை அறுத்தது எனக்கு உறைக்கவே இல்லை, தம்பி. இனி இதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போ.

நீயும் உன் வீட்டாரும் பத்து விரலும் உணர்வோடு நெடுநாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அண்ணன்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வராதே. இப்போதுதான் இருட்டறைக்காரர் மனைவி போன் செய்தார். ஞாயிறு காலையில் மண்டபம் சும்மாத்தான் கிடக்குமாம், ஆம்ப்ளிஃபயரோடு நமக்குத் தர மண்டபத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களாம். இருக்கிற விரலை வைத்து வாசிக்கப்போகிறேன். அந்தம்மா கடைசி வரிசையில் உட்காருவாராம். உன் அண்ணி முதல் வரிசையாம். எனக்கு அதுதான் பயம்.