பின்னால் கைகட்டிய மெக்கானிக்

படகு என்ஜினைக் கண்டுபிடித்தவர் யாரோ ஒருவர்தான். திறந்து கிடக்கும் படகு என்ஜினுக்கு மேலே நின்று கருத்துச் சொல்கிறவர்களோ துறைக்கு ஐந்து பேர் குறையாமல் இருக்கிறார்கள். இவர்களைக் கரைநிபுணர்கள் என்று அழைக்கலாம். எங்கள் தல்மாத்தியத் தீவுகளில் மத்தி மீன் அருகிப் போய்விட்டது, இறால் அருகிப் போய்விட்டது. இந்த இனம் மட்டும் வருடா வருடம் பெருகிக்கொண்டே இருக்கிறது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கைகள் பின்னால் கட்டியிருக்கும். வயிறு துறைமேடையின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்கு மேலே நிற்கும். சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. என்ஜின் மூடியைத் தூக்கும் சத்தம் உங்களுக்கும் எனக்கும் கேட்காது. அவருக்கோ காபிக் கடையின் உள்மேசையில், வானொலி அலறிக்கொண்டிருக்கும்போதும் கேட்டுவிடும், பாதிக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "இன்னார் படகுல ஏதோ கோளாறு" என்று அறிவித்துக்கொண்டே வந்து, உங்கள் தலைக்கு மேலே நிழலாக நின்று, முதல் வார்த்தையாக "ம்" என்பார். அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து அந்த என்ஜின் உங்களுடையது அல்ல.

எங்கள் துறையின் தலைசிறந்த கரைநிபுணர் ப்ரோஷ்பெர். ஊருக்கே மாமா. "கப்பல்ல இருந்தப்போ" என்று தொடங்காமல் அவருக்குப் பேச்சு வராது. முப்பது வருடம் கப்பலில் இருந்தது உண்மைதான். ஸ்பிளிட் நகரத்துக்குப் போய்வரும் பயணிகள் கப்பலில் டிக்கெட் கிழித்தார்.

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீனவன் யெர்கோ தன் படகின் என்ஜினைத் திறந்தான். கடல்நீரை இழுத்து என்ஜினைக் குளிர்விக்கிற பம்பில், ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துபோய், உப்புத் தண்ணீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால்விட்ட காபி நிறத்துக்கு வந்திருந்தது. அப்படியே ஓட்டினால் என்ஜின் போய்விடும். ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய ரப்பர் உதடும் அதை இறுக்கும் ஸ்பிரிங்கும் தெரிகிற புதுச் சீல் அவனிடம் ஒன்று இருந்தது. ஒன்றுதான். அவனுடைய ஆறு வலைகளும், குளிர்காலம் முழுக்க அவன் மனைவி பெரினா விரல் வெடிக்க வெடிக்கப் பின்னியவை, முந்தின மாலையிலிருந்து கடலுக்கடியில் கிடந்தன. பிற்பகலில் தெற்குக் காற்று வரும் என்று வானொலி சொல்லிவிட்டது. உங்கள் பாட்டுகளில் வரும் தென்றல் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே தெற்குக் காற்று என்றால் கடல் பாறையேறும், வலை கந்தலாகும். மதியத்துக்குள் சீலை மாற்றிக்கொண்டு போய் வலைகளைத் தூக்கியாக வேண்டும்.

யெர்கோ பம்பைக் கழற்றிப் பழைய சீலை நெம்பி எடுத்து ஷாஃப்டைத் துடைத்து முடிப்பதற்குள் மேடையில் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"ம்" என்றார் ப்ரோஷ்பெர். "ஸ்பிரிங் தெரியுற பக்கம் எண்ணெயப் பாத்து இருக்கணும்டா."

"தண்ணியப் பாத்து, மாமா" என்றான் யெர்கோ.

"கப்பல்ல இருந்தப்போ நாங்க எண்ணெயப் பாத்துதான் போடுவோம்."

"டிக்கெட்டையா மாமா?"

"எங்கப்பா அதுல ஆலிவ் எண்ணெய் தடவுவாரு" என்றான் மேடையில் நின்ற இன்னொரு மீனவன் லோவ்ரே. பத்தடி தள்ளி அவனுடைய படகு, நல்ல என்ஜினோடு, சும்மா ஆடிக்கொண்டிருந்தது. "உங்கப்பாவோட படகு மூழ்கிப் போச்சே" என்றார் இன்னொருவர். அதன் பிறகு அந்தப் படகு ஏன் மூழ்கியது என்பதில் அரை மணி நேரம் போயிற்று. யெர்கோ குனிந்த தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

பத்து மணிக்குப் பெரினா பொரித்த மத்தியும் ரொட்டியும் தண்ணீர் கலந்த ஒயினும் கொண்டுவந்து வலைக்கொட்டகை நிழலில் வைத்தாள். எங்கள் தீவில் காலைத் தீனி வந்துவிட்டால் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டிருப்பவன் மனிதனே அல்ல. தீனி வரும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கும், அவர்கள் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை என்றாலும், பங்கு உண்டு. ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். பதினொரு மீனைத் தின்றுவிட்டு முதலில் எழுந்துபோனவர் ப்ரோஷ்பெர்.

யெர்கோ திரும்பி வந்தபோது கிண்ணத்தில் வைத்திருந்த சீலைக் காணோம். அது பம்புக்குள் இருந்தது. சுத்தியலால் தட்டி, இறுக்கமாக, ஸ்பிரிங் எண்ணெய்ப் பக்கம் பார்த்தபடி, தலைகீழாக உட்கார்ந்திருந்தது.

"சும்மாதானே நிக்கிறோம்னு ஒரு கை குடுத்தேன்" என்றார் ப்ரோஷ்பெர். எழுபத்தோரு வயதில் முதல்முறையாக அவருடைய கைகள் முன்னால் வந்திருந்தன.

யெர்கோ ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினான். சீல் வந்தது, உதடு கிழிந்து வந்தது. ஸ்பிளிட் கடையிலிருந்து அடுத்த சீல் வர மறுநாள் கப்பல் வரவேண்டும்.

"பாத்தீங்களா, தரமில்லாத சாமான்" என்றார் ப்ரோஷ்பெர், மற்றவர்களைப் பார்த்து.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். யெர்கோவும் புனிதர் அல்ல. லோவ்ரேயின் படகைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். ஏனென்றால் எங்கள் துறையில் ஒரு மீனவன் இன்னொரு மீனவனிடம் படகைத் தனியாகக் கொடுப்பதில்லை, கூடவே வருவான்; வலையைத் தூக்க வேண்டுமானால் போட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்வதில்லை.

"சொல்லித் தொலையேன்" என்றாள் பெரினா.

"லோவ்ரேகிட்டயா?"

"அவன் வேணாம். இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. எனக்குன்னு கேட்டா படகைத் தனியாவே விடுவான், வாங்கிக் குடு, எங்கிட்ட சொல்லு, நான் போயித் தூக்கிட்டு வரேன்."

யெர்கோ யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்க அண்ணனும் வலை போடுறவன்தானே" என்றான்.

பெரினா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். லோவ்ரேயும் தன் படகைத் தருகிறேன் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லையே. மூன்று மணிக்குக் காற்று வந்தது. மூன்று நாள் அடித்தது. அது ஓய்ந்து, கப்பல் வந்து சீல் கிடைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை, துறையே பூசைக்குப் போயிருந்த நேரத்தில், யெர்கோ தனியாக இருந்து புதுச் சீலை இருபது நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஆறு வலையில் இரண்டுதான் கிடைத்தன, அவையும் வலை என்று சொல்லும்படி இல்லை. காபிக் கடையில் ப்ரோஷ்பெர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஸ்பிரிங் எந்தப் பக்கம்னு நான் அவனுக்கு அன்னைக்கே சொன்னேன்" என்று இரண்டு முறை சொன்னார்.

நீங்கள் ஏதோ சொல்ல வருவது தெரிகிறது. சாப்பிடப் போகும்போது சீலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்திருக்கலாமே. பெண்டாட்டியிடமாவது சொல்லியிருக்கலாமே. எல்லாம் அருமையான யோசனைகள். பெரினா அந்தக் கந்தலை மடியில் போட்டுக்கொண்டு இப்போதும் துறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நேரில் வந்து அவளிடமே சொல்லுங்கள். ப்ரோஷ்பெர் கொஞ்சம் நகர்ந்து உங்களுக்கு இடம் கொடுப்பார்.