அப்சென்டர்

ஜெர்மன் மொழித் தேர்வு விண்ணப்பம் நாளை மாலைக்குள் தேர்வு சென்டருக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் தபாலில் மட்டும். தவறினால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான். எக்ஸ்ரே டெக்னீஷியனின் மனைவி ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போய் ஏற்கெனவே ஒரு வருஷமாகிவிட்டது. இந்தத் தேர்வில் தேறினால்தான் இவருக்கும் அங்கே போக விசா. இன்னும் ஆறு மாதமா?

சென்டர் கொடுத்த கவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் மேல் 'அப்சென்டர்', மற்றதன் மேல் 'எம்ப்ஃபெங்கர்' என்று ஜெர்மனில் அச்சடித்திருந்தது. ஜெர்மன் வகுப்பில் தபால் பாடம் நடந்த அன்று இவருக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதற்காக அகராதியைப் புரட்டுகிற ஆளா அவர்?

"அப்சென்டர், சென்டர்னு அதுலயே இருக்கே அத்தை," என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டே எழுதினார். "அங்க சென்டர் அட்ரஸ். இதுல 'எங்க'ன்னு காதுல விழுது பாருங்க, எங்க அட்ரஸ்."

ஜெர்மன் இவ்வளவு சுலபமா என்று மாமியார் அசந்துபோனார்.

மனப்பாடம் ஆவதற்காக, கதவு முதல் குடை வரை எல்லாவற்றிலும் ஜெர்மன் பெயரெழுதிச் சீட்டு ஒட்டுவது அவர் வழக்கம். கவரின் மூலையிலும் 'ப்ரீஃப்மார்க்கெ', அதாவது ஸ்டாம்ப், என்று ஒரு குட்டிச் சீட்டை ஒட்டினார். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, ஸ்டாம்ப் மேஜைமேலயே கிடக்கே?"

அடப்பாவி! பெயரை ஒட்டியவர் ஸ்டாம்பை ஒட்டவில்லை.

தன் செருப்பில் ஒன்றையும் மாமியார் செருப்பில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு ஓடினார். பெட்டிக்குள் கையை விட்டார். கவர் சிக்கவில்லை, கைதான் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க வாட்ச் இன்னும் இறுகியது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அரைமணி கழித்துத் தபால்காரர் சாவியோடு வந்து கையை விடுவித்தார். கவரைக் கேட்டதற்கு மட்டும் மசியவில்லை. பெட்டியில் விழுந்ததைத் திருப்பித் தந்தால் தன் வேலை போய்விடும் என்றார்.

"என் சம்சாரத்தைப் பார்த்து ஒரு வருஷமாச்சுங்க. ஸ்டாம்ப் மட்டும் ஒட்டிக்கிறேன்."

தபால்காரருக்கு மனசு இளகியது. ஸ்டாம்ப் மட்டும்தான், ஓர் எழுத்தையும் தொடக் கூடாது என்று கவரை நீட்டினார். டெக்னீஷியன் சீட்டைக் கிழித்துவிட்டு, ஸ்டாம்பை எச்சில் தொட்டு அழுத்தி ஒட்டினார். கண் கலங்கிவிட்டது.

தபால்காரர் கவரைப் பைக்குள் போட்டுப் பூட்டிய பிறகுதான் ஏதோ நினைவு வந்தவராகத் தலையைச் சொறிந்தார்.

"அந்த சென்டர் கவர் தினம் நாலு பார்க்கிறேன் சார், அப்சென்டர்னா அனுப்பறவர், அதுல நீங்க சென்டர் அட்ரஸை எழுதியிருக்கீங்க, ஸ்டாம்ப் இல்லாததை எங்க ஆபீஸ்ல அனுப்பினவருக்கே திருப்பிடுவோம், அப்படியே விட்டிருந்தா நாளைக்குக் காலையில சென்டர்லயே குடுத்திருப்பேன், இப்ப ஒட்டிட்டீங்களே, உங்க வீட்டுக்குல்ல வரும்!"